தாங்கி வந்த வரிசை

காலத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. அதைத் திருத்தியமைத்தவர்கள் மட்டும் எத்தாளைக்கும் நுரைச்சோலைக்கும் இடையில் உள்ள ஓர் ஊரில், ‘குடிநீர் அபிவிருத்திக் குழு’ என்ற பெயரில் இன்றும் சுகமாக இருக்கிறார்கள். வரலாற்றாசிரியர்கள் இத்தனை நூற்றாண்டாக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிக் கஷ்டப்பட்டார்கள். குழுத் தலைவர் ஜபார் ஹாஜியார் அந்தத் தொல்லையை ஒரே முற்பகலில் தீர்த்துவைத்தார். மவுஸை அசைத்தவன் மட்டும் றிஸ்மின்.

றிஸ்மின் ஊரின் வீடியோக்காரன். ஊருக்குக் குடிநீர்த் தாங்கி அமைக்க உதவிய வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, வேலை முடிந்ததற்குச் சான்றாக ஐந்து நிமிட வீடியோ கேட்டிருந்தது. ‘காட்சிகள் யாவும் நேர வரிசைப்படி இருத்தல் வேண்டும்’ என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. றிஸ்மின் அதை அப்படியே நம்பிவிட்டான். மூன்று கமராக்களின் கிளிப்களையும் கணினியில் போட்டு, எடுத்த நேரப்படி அடுக்கும் பொத்தானை அழுத்தினான்.

மென்பொருளுக்கு ஊர் நிலவரம் என்ன தெரியும்? காலை பத்தேகாலுக்குத் திறப்பு விழா என்றது. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, சஹன் என்ற பெரிய சோற்றுத் தட்டுகளைச் சுற்றி ஆறாறு பேராக உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டே காலுக்கு அடிக்கல் நாட்டல். மூன்று மணிக்குத் தாங்கி லொறியில் ஏறி ஊரைவிட்டுப் போகிறது, சனம் நின்று கை காட்டுகிறது.

இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நிறுவனத்தின் பிரதிநிதிக்கு இருந்தது ஒரே ஒரு நாள். அவரை இரண்டு தரம் அலைக்கழிக்காமல் அடிக்கல்லையும் திறப்பையும் ஒரே நாளில் வைத்தது குழுவின் பெருந்தன்மை. அவரும் மாற்றுச் சட்டையோடுதான் வந்திருந்தார், அனுபவசாலி. பொறிக்கக் கொடுத்த இரண்டு கல்லில் அடிக்கல் பிந்திவிட்டது, திறப்புவிழாக் கல் முந்திவிட்டது. கைக்கு வந்த கல்லை வைத்து ஆரம்பித்தார்கள். தாங்கியோ, பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் திருப்பித் தருவதாகச் சொல்லி ஓர் இறால் பண்ணையில் இரவல் வாங்கியது. ஹாஜியார் சொன்ன சொல் தவறாதவர்.

மறுநாள் காலை ஹாஜியார் வந்து, கதிரையை இழுத்துப் போட்டுப் பார்த்தார்.

“தம்பி, இதென்ன தலகீழா ஓடுது?”

“நடந்தது இப்பிடித்தானே ஹாஜியார்.”

“நடந்தத யாரு கேட்ட? நேர வரிசதான் கேட்டீக்கிறாங்க. முதல்ல அடிக்கல், பொறகு தாங்கி, பொறகு திறப்பு, கடைசியா சோறு. உலகத்துல எங்கயும் இதுதான் வரிச.”

ஊரில் எந்தக் கலியாணத்துக்கு யார் வீடியோ எடுப்பது என்பது ஹாஜியாரின் வாயில் இருந்தது. றிஸ்மின் அடிக்கல்லைத் தூக்கி முதலில் வைத்தான். லொறியைப் பிடித்து இழுத்து, அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் நடுவில் வைத்தான். ஒரு காட்சியைக்கூட வெட்டவில்லை, ஒட்டவில்லை. போன லொறி வரும் லொறியாயிற்று. வழியனுப்பிய கைகள் வரவேற்றன. நெஞ்சு குறுகுறுத்தாலும், வேலை அழகாக வந்திருக்கிறதென்று அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அவன் மனைவி முனவ்வரா பின்னால் நின்று பார்த்தாள். ஊர்க் கிணறெல்லாம் உப்பு. செவ்வாயும் சனியும் வரும் தண்ணீர் வண்டியான பவுசரில் கேன் நிரப்பித்தான் அவள் உலை வைப்பவள். இது திரும்பிப் போன தாங்கியல்லவா என்று கேட்டாள். ‘எடிட்டிங்’ என்றான் றிஸ்மின். அவள் உள்ளே போய்விட்டாள்.

வீடியோ பெரும் வெற்றி. நிறுவனம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. பவுசர் அனுப்பும் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போனது. அங்கே சுவரில் தொங்கிய வரைபடத்தில் அந்த ஊருக்குப் பச்சைப் பொட்டு வைத்தார்கள். பச்சை என்றால் ‘நீர்த் தன்னிறைவு’. அந்தச் செவ்வாய் பவுசர் வரவில்லை. சனியும் வரவில்லை.

திங்களன்று றிஸ்மின் அலுவலகத்துக்கு ஓடினான். அதிகாரி அவனுக்கு அவனுடைய வீடியோவையே போட்டுக் காட்டினார். தாங்கி வருகிறது, குழாய் திறக்கிறார்கள், தண்ணீர் கொட்டுகிறது. குழாயில் கொட்டியது இதே அலுவலகம் அனுப்பிய பவுசர் தண்ணீர் என்று றிஸ்மின் சொன்னான். அதிகாரி குறித்துக்கொள்ளவில்லை.

“சேர், வரிசய மாத்தினது நான்தான். இதுதான் சரியான வரிச, எடுத்த நேரமும் போட்டீக்கு,” என்று பென்டிரைவை நீட்டினான். ஹாஜியாருக்குத் தெரிந்தால் இனி ஒரு கலியாணமும் கிடைக்காது.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ஆதியோடந்தமாகப் பார்த்தார். திறப்பு. சாப்பாடு. அடிக்கல். லொறி. இரண்டாம் தரமும் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

“இத ஏன் தம்பி முதல்லயே தரல்ல? உங்கட ஊர்த் தாங்கியத் திறந்து, சாப்பிட்டு, கையோட அடுத்த திட்டத்துக்கும் அடிக்கல் வெச்சு, பக்கத்து ஊருக்கும் ஒரு தாங்கி அனுப்பியிருக்கிறீங்க. நேரமும் திகதியும் போட்டே இருக்கு.”

எழுந்து போய்ப் பக்கத்து ஊருக்கும் பச்சைப் பொட்டு வைத்தார். அப்படியொரு சுறுசுறுப்பை அரச கருமங்களில் காண்பது அபூர்வம்.

அடுத்த செவ்வாய் காலை றிஸ்மின் வாசலைத் திறந்தபோது, இரண்டு ஊர்களின் வெற்றுக் கேன்களும் அவன் வீட்டிலிருந்து பள்ளிவாசல் வரை நின்றன. வந்த நேரப்படிதான் வரிசை. யார் முந்தி, யார் பிந்தி என்பதில் ஒருவருக்கும் தடுமாற்றமில்லை. எல்லோருக்கும் முன்னால் முனவ்வரா இரண்டு கேன்களோடு நின்றாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள்.

“தாங்கிய ஊருக்குள்ள கொண்டு வந்தது நீங்கதானே. எங்க வெச்சீக்கிறீங்க? காட்டுங்க, நாங்க அள்ளிக்கிறோம்.”