வெற்றுக் கதிரைக்குக் குடை பிடித்த கதை

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி அவர்களுக்கு,

வெளியூரில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன் சொந்த வீட்டில் மடையனாவதற்கு அதிக காலம் செல்லாது. இவ்வுண்மைக்கு அடியேனே சாட்சி. தெற்கே ஒரு நகரத்தில் பலசரக்குக் கடை நடத்திவிட்டு நெடுந்தீவுக்குத் திரும்பியவன் நான். தட்டுப்பாட்டுக் காலமொன்றில் ஒரு மூடை சீனியைத் தெரு முழுவதற்கும் பங்கிட்டுச் சமாளித்த என் திறமையை எவர் கேளாவிடினும் எடுத்துரைப்பேன். (கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து போன பின்பும் எடுத்துரைப்பேன்.)

என் தங்கையின் மகள் யாழினிக்குப் பள்ளிப் பருவந்தொட்டு வலிப்பு நோய் உண்டு. காலையிலும் மாலையிலும் தவறாமற் குளிசை எடுத்து, யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்கும் ஒழுங்காகச் சென்று, அந்நோயை அவள் அடக்கி வைத்திருந்தாள். கடைசியாக வலிப்பு வந்து இரண்டு ஆண்டுகளாகியிருந்தன. தகப்பனார், அதாவது என் மச்சான், காய்ச்சலிற் காலமானவர். தாயார் கனடாவில் மகன் வீட்டுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்தபடியால் யாழினி என் பொறுப்பில் இருந்தாள். தை பிறந்ததும் தீவின் முன்பள்ளியில் அவள் ஆசிரியையாகச் சேரவிருந்தாள். நோயை ஒளிக்காமற் சொல்லி, அவர்களும் சம்மதித்த வேலை அது. சின்னப் பிள்ளைகளுக்கென்று கடதாசியிற் குருவிகள் வெட்டி வெட்டி வீடெல்லாம் தொங்கவிட்டிருந்தாள்.

அந்த மார்கழியில் வாடைக்காற்று அடங்காமல் வீசியது. மறுகரைத் துறையான குறிகட்டுவானுக்கு வள்ளம் ஓடவில்லை. கிளினிக் தவணை கடந்தது. குளிசைப் பெட்டியின் அடி தெரியத் தொடங்கியது.

"மாமா, கிளினிக்குக்குப் போன் எடுத்துக் கேப்பம்" என்றாள் யாழினி.

"கடல் இப்படிக் கிடக்கேக்கை டொக்குத்தர் நீந்தி வரப்போறாரோ? இருக்கிறதைப் பங்கிடுவம். இனிப் பாதி பாதியாய்ப் போடும், பிள்ளை."

"அது ஏலாது மாமா. குறைச்சால் திரும்ப வந்திடும்."

"ஒரு மூடை சீனியை…"

"ஐயோ, அந்தச் சீனியை விடுங்கோ! இது வேறை."

நான் விடவில்லை. தீவில் குடிதண்ணீர் குறைந்தால் செம்பைக் குறைக்கிறோம். குளிசை குறைந்தால் குளிசையைக் குறைப்பதிற் குற்றமென்ன என்று வாதாடினேன். அற்ப விடயத்துக்கு டொக்குத்தரைத் தொந்தரவு செய்வது மரியாதையன்று எனவும் தீர்ப்பளித்தேன். என் பாக்குவெட்டியால் எல்லாக் குளிசைகளையும் நறுக்கென்று பாதியாக்கி, அலுமாரியிற் பூட்டி, திறப்பை அரைஞாணிற் கட்டிக்கொண்டேன். மாமன் சொல்லைத் தட்டிப் பழகாத பிள்ளை, பாக்கு மணத்த பாதியை முகத்தைச் சுழித்து விழுங்கினாள்.

சில நாட்களின் பின், ஓர் உச்சிப்பொழுது. வானம் சாம்பல் நிறம். மழை இல்லை. அத்தனை நாளும் ஊளையிட்ட காற்று திடீரென நின்றது. கடதாசிக் குருவிகள் அனைத்தும் ஒரே கணத்தில் அசைவற்றுத் தொங்கின. கல்வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த குட்டையான காட்டுக் குதிரையொன்று தலையை உயர்த்தி எங்கள் வாசலையே பார்த்தது. யாழினி குசினியிலிருந்து தேநீர்க் கேத்தலுடன் வந்தாள். நான் சாய்ந்திருந்த கதிரையின் முன் நின்றாள். அவள் கண்கள் என்னைக் கடந்து, என் முதுகுப்புறத்து வாசலில் நிலைத்தன.

"அவர் நனைஞ்சு வந்து நிக்கிறார்" என்றாள். அது அவள் குரலாக இருக்கவில்லை. "கதிரையைக் குடுங்கோ."

திரும்பிப் பார்த்தேன். வாசலில் எவருமில்லை. குதிரை மாத்திரம் பார்த்துக்கொண்டு நின்றது.

ஐயா, அம்மணி, அவளுடைய உதடுகள் எதையோ மென்றன. இடக்கை விரல்கள் பாவாடைக் கரையைப் பிசைந்தன. வலிப்பு வருமுன் தனக்கு இப்படியாகும் என அவளே எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறாள். அறிவுள்ளவன் உடனே கேத்தலை வாங்கியிருப்பான். நான் எழுந்து கதிரையைக் கொடுத்தேன்.

அதோடு நின்றேனா? நனைந்து வந்தவர் யாரென்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. மச்சானின் கறுப்புக் குடையை ஒரு மழைநாளில் இரவல் வாங்கியவன் நான். திருப்பிக் கொடுக்குமுன் அவர் காலமாகிவிட்டார். குடையில்லாத மனிதர் நனையாமல் என்ன செய்வார்? ஓடிப்போய்க் குடையை எடுத்து வந்து, விரித்து, வெற்றுக் கதிரைக்குமேல் பிடித்தேன்.

"இருங்கோ மச்சான். அடுத்த நாளே தந்திருப்பன். நீங்கள்தான் அவசரப்பட்டுப் போட்டியள்."

மச்சான் பதிலளிக்கவில்லை. கேத்தல் பதிலளித்தது. அது சரிந்து, கொதிதேநீர் முழுவதும் என் வலது பாதத்தில் ஊற்றுண்டது. நான் இட்ட அலறலில் குதிரை ஓட, யாழினி சாய்ந்தாள். அவள் தலை நிலத்தில் மோதுமுன் தாங்கியது ஒன்றே அன்று நான் செய்த உருப்படியான காரியம். உடல் உதறியது. அவள் சொல்லித் தந்தபடி பக்கவாட்டிற் படுக்கவைத்து, சால்வையைத் தலைக்கு அணையாகக் கொடுத்து, வாயில் எதையும் வையாமற் காத்திருந்தேன். அந்தச் சில நிமிடங்களில் கடை, சீனி, பெருமை யாவும் என்னை விட்டுப் போயின. ஒரு பெண்பிள்ளையின் மூச்சுச் சத்தம் மட்டுமே உலகத்தில் மீதமிருந்தது.

அயல்வீட்டுச் செல்வராணி திறப்புக் கோர்வையுடன் ஓடி வந்தாள். "இரும்பைக் கையிலை குடுங்கோ அண்ணை!"

"வேண்டாம். தானாய் அடங்கும்."

"அது சரி, வீட்டுக்குள்ளை ஏன் குடை?"

அப்பொழுதுதான் பார்த்தேன். என் இடக்கை இன்னும் குடையைப் பிடித்திருந்தது.

தெளிந்தபின் யாழினிக்கு எதுவும் நினைவில்லை. அவள் சொன்ன சொற்களை நான் வெட்கத்தால் எவரிடமும் வெளியிடவில்லை. அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. கையை நீட்டி, "திறப்பு" என்றாள். அவிழ்த்துக் கொடுத்தேன். பின்பு தானே கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததைச் சொல்லி, சத்தத்தைக் கூட்டி, என் முன்னால் வைத்தாள்.

"வெட்டினது ஆர்?" என்று டொக்குத்தர் கேட்டார்.

"நான்தான் ஐயா."

"குளிசையைக் குறைக்கிறதும் நிப்பாட்டுறதும் நாங்கள் சொல்லித்தான். முடியப்போகுதெண்டால் முதலே சொல்லுங்கோ, வழி பாக்கலாம்."

அவ்வளவு சுலபம்! முன்பள்ளி வேலை மாத்திரம் சில மாதங்கள் தள்ளிப்போனது. குருவிகளை அவள் ஒவ்வொன்றாகக் கழற்றியபோது எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

இரண்டாம் நாள், அதே உச்சிப்பொழுது, மீண்டும் காற்று நின்றது. நான் கதிரையில் இருந்தேன். யாழினி குசினிப் படியில் வந்து நின்று, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

"அவர் நனைஞ்சு வந்து நிக்கிறார். கதிரையைக் குடுங்கோ."

திரும்பினேன். தலைமுதல் கால்வரை கடல்நீர் சொட்ட, வள்ளக்காரர் மரியநாயகம் நின்றார். கையில், கிளினிக் கொடுத்தனுப்பிய, பொலித்தீன் பையாற் பலமுறை சுற்றிய குளிசைப் பொதி.

நான் எழவில்லை; வந்தவருக்குக் கால் உண்டா என்று முதலிற் குனிந்து பார்த்தேன். பின்பு எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வாடைக் காலத்திலை இந்தத் தீவுக்கு நனையாமல் ஆரு மாமா வந்தவை?" என்றாள். நியாயமான விளக்கம், நான் ஏற்றுக்கொண்டேன். (உச்சிப்பொழுதிற் காற்று நின்றால் மாத்திரம் ஏற்றுக்கொள்வதில்லை.)

இப்பொழுது அவள் முன்பள்ளி ஆசிரியை. முழுக் குளிசை, நேரம் தவறாது. பாக்குவெட்டி அவளுடைய அலுமாரியில். நான் சீவற்பாக்கு வாங்கி மெல்கிறேன். கனடாவிலிருந்து தங்கை அழைக்கும்போதெல்லாம் முதற் கேள்வி, "அண்ணை, அவருக்குக் குடை பிடிச்சாச்சோ?" என்பதே. பாதத்துத் தழும்பைத் தடவியபடி "ஓம்" என்பேன். உண்மையும் அதுவே: அந்தக் குடையை விரித்தபடி கதிரைக்கருகே வைத்திருக்கிறேன்.

தயவுசெய்து இவ்வரலாற்றை எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.