வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்

எறிந்த மஞ்சள் துணியைத் திரும்ப எடுப்பதா வேண்டாமா என்று மெர்ல் டாப்சன் மைதானத்தின் நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார்.

கார்வின் உயர்நிலைப் பள்ளிப் பையன் ஒருவன், பெட்டிஸ் பள்ளிப் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்ததாக அவருக்குப் பட்டது. துணியை எறிந்துவிட்டார். உடனே கார்வின் கூட்டம் உட்கார்ந்திருந்த பலகைகளை மிதித்துக்கொண்டு எழுந்தது. அமெரிக்கக் கால்பந்தில் நடுவர் மஞ்சள் துணியை எறிந்தால் மைதானத்தில் ஒருவன் தப்பு செய்துவிட்டான் என்று அர்த்தம். கூட்டத்தைப் பொறுத்தவரை அந்த ஒருவன் எப்போதும் நடுவர்தான்.

"யோவ் மெர்ல், கண்ணை எங்கய்யா அடகு வச்சே?"

"அந்த வெள்ளைத் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழ இறக்கிக்கோ. மிச்சப் பார்வையும் போகட்டும்."

"திங்கக்கிழமை எங்க வீட்டுக்கு காஸ் நிரப்ப வருவேல்ல? நாயை அவுத்து விட்டு வைக்கறேன்."

கடைசியாகப் பேசியது இர்மா. வாரநாட்களில் மெர்ல் ஓட்டும் காஸ் லாரிக்குப் பழைய வாடிக்கை. மெர்லுக்கு அந்த நாயைத் தெரியும். நல்ல நாய்தான். இர்மாவைத்தான் நம்ப முடியாது.

இதெல்லாம் அவருக்குப் பழக்கம். வெள்ளிக்கிழமை மாலை திட்டியவர்களோடு சனிக்கிழமை காலை பலசரக்குக் கடையில் வரிசையில் நின்று வானிலை பேசுகிறவர் அவர். ஆனால் இப்போது அவரை நிறுத்தியது வேறொரு குரல். முதல் வரிசையிலிருந்து, கத்தாமல், தீர்ப்பு வாசிப்பதுபோல வந்தது.

"பிடிச்சு இழுக்கலை. திறந்த கையால தோள்ல தள்ளினான். சுத்தமான ஆட்டம்."

மெர்ல் திரும்பிப் பார்த்தார். பழுப்புக் கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்ந்து விளக்கெல்லாம் போட்ட பிறகும் கறுப்புக் கண்ணாடி. காதிலிருந்து ஒரு வயர் கோட்டுப் பைக்குள் போனது. பக்கத்தில் ஓர் அம்மாள் முழங்கால் மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்கும் கையுமாக அமைதியாக இருந்தாள்.

அந்த ஆள் இவர்தான்.

ஆட்டத்துக்கு முன்னால், துடைப்பமும் வாளியும் வைக்கிற அறையில் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது டெல்பர்ட் விஷயத்தைச் சொல்லியிருந்தார். நடுவர்களுக்கு எந்தப் பள்ளியிலும் அந்த அறையைத்தான் ஒதுக்குவார்கள். மெர்ல் வெள்ளைத் தொப்பி போட்ட தலைமை நடுவர், டெல்பர்ட் அவர் குழுவில் துணை நடுவர். பிழைப்புக்கு முடி திருத்துகிறவர். ஊர் ரகசியம் எல்லாம் அவர் கத்தரிக்கு அடியில்தான் விழும்.

"நடுவர் சங்கத்து ஆள் ஒருத்தர் இன்னிக்கு வராங்களாம். மாநில இறுதிப் போட்டிக்கு உன்னை நடுவரா போடலாமா வேண்டாமான்னு பாக்க."

"யாரு?"

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா? கூட்டத்தோட கூட்டமா உக்காந்திருப்பாங்க. தெரிஞ்சுட்டா நீ ஒழுங்கா வேலை பாப்பியே, அதனாலதான்."

மாநில இறுதிப் போட்டி மெர்லின் வெகுநாள் ஆசை. ஒவ்வொரு வருடமும் அவர் பெயர் வாசல் வரை போய்த் திரும்பிவிடும். அடுத்த வருடம் முழங்கால் ஒத்துழைக்காது என்று டாக்டர் சொல்லியாயிற்று. இந்த முறை விட்டால் இனி கிடையாது. மனைவி நோரீன் வேறு, முந்திரிக்கொட்டை மாதிரி, இறுதிப் போட்டியைப் பார்க்க வரும்படி தன் அக்காவை அழைத்துவிட்டாள். அக்கா வந்து, மைதானத்தில் மெர்ல் இல்லாமல் போனால், அவள் சாகும்வரை அதைச் சொல்லிக்காட்டுவாள்.

மெர்ல் குனிந்து மஞ்சள் துணியை எடுத்தார். எறிந்த துணியை எடுப்பது, நடுவர்களிடையே, துப்பியதை விழுங்குவதற்குச் சமம். இடுப்பிலிருந்த மைக்கைத் தட்டிவிட்டு அறிவித்தார். "தப்பு எதுவும் நடக்கலை. ஆட்டம் தொடரும்."

கார்வின் கூட்டம் ஆர்ப்பரித்தது. தன்னைப் பார்த்து ஒரு கூட்டம் கைதட்டுவது மெர்லுக்குப் புதிது. காது மடல் சூடாகிவிட்டது. பழுப்புக் கோட்டுக்காரர் மெல்லத் தலையாட்டினார். அப்போது பள்ளி பேண்டு வாத்தியக் குழு அதே தாளத்தில் டம் டம் என்று வாசித்துக்கொண்டிருந்ததை மெர்ல் கவனிக்கவில்லை.

பெட்டிஸ் அணியின் பயிற்சியாளர் ரட்லெட்ஜ் ஓடி வந்தார். "என்ன மெர்ல் இது? நீ எறிஞ்சதை எடுத்து நான் பாத்ததே இல்லையே."

"நல்லா பாக்கணும்ல."

"எறியறதுக்கு முன்னாடி பாத்திருக்கலாமே."

பெட்டிஸ்காரர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதை அடுத்த தீர்ப்பில் ஈடுகட்டிவிடலாம் என்று மெர்ல் நினைத்தார். அடுத்ததாக, பந்தோடு ஓடிய கார்வின் பையன் விழுந்தபோது பந்து எந்த இடத்தில் இருந்தது என்று கேள்வி வந்தது. ஒரு முழம் முன்னால் இருந்தால் கார்வினுக்கு லாபம், பின்னால் இருந்தால் பெட்டிஸுக்கு. மெர்ல் பின்னால்தான் பார்த்தார். பந்தை அங்கே வைக்கப் போனார்.

"தாண்டிட்டான். நல்லாவே தாண்டிட்டான்," என்றது முதல் வரிசை.

மெர்லின் கை அவரைக் கேட்காமலே பந்தை ஒரு முழம் முன்னால் நகர்த்தியது.

இப்போது எதிர்ப்பக்கத்தில் பெட்டிஸ் கூட்டம் எழுந்தது. அவர்கள் தொலைவிலிருந்து வந்தவர்கள். அதனால் திட்டுகளும் புதியவை. ஒரு பெரியவர் மெர்லின் அம்மாவின் உடல்நலத்தை விசாரித்து, இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு அனுதாபம் சொன்னார்.

இடைவேளையில் டெல்பர்ட் அவரை ஓரமாக இழுத்தார். "பந்தைப் பாக்கறதை விட்டுட்டு யாரை அப்படிப் பாத்துக்கிட்டே இருக்க?"

"முதல் வரிசை. கறுப்புக் கண்ணாடி. மெதுவாப் பாரு, கையை நீட்டாதே."

டெல்பர்ட் ஷூ கயிறு கட்டுவதுபோலக் குனிந்து பார்த்தார். அதே நேரத்தில் அந்த அம்மாள் பிளாஸ்கிலிருந்து சூடான கோக்கோவை ஊற்றி, கோப்பையைப் பெரியவர் கையில் வைத்து, விரல்களை மடித்துவிட்டாள்.

"அடேயப்பா," என்றார் டெல்பர்ட். "கோப்பையைக் கூட அவரே எடுக்கமாட்டாராம். மேலிடத்து ஆளேதான். காதுல வயர் வேற. யாரோடயோ பேசிக்கிட்டிருக்கார்."

"என்ன பேசுவார்?"

"உன்னைப் பத்தித்தான். வேற என்ன, விலைவாசியையா பேசுவார்?"

மெர்ல் முதல் வரிசைப் பக்கமாக நடந்து, யாரையும் பார்க்காததுபோல, தொப்பியைத் தொட்டு ஒரு சின்ன வணக்கம் வைத்தார். பெரியவர் அசையவே இல்லை. பார்வை நேராக இவர் தலைக்கு மேலே போனது. என்ன நேர்மை என்று மெர்ல் மனதுக்குள் வியந்தார். பக்கத்து அம்மாள் மட்டும் லேசாகச் சிரித்தாள்.

இரண்டாம் பாதியில் விஷயம் முற்றிவிட்டது. பெரியவரின் குரல் எப்போதும் கொஞ்சம் தாமதமாகவே வந்தது. யோசித்துப் பேசுகிறார் என்று மெர்ல் எடுத்துக்கொண்டார். அவசரப்பட்டு விசில் ஊதிவிட்டுப் பிறகு மாற்றுவதைவிட, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு ஊதினால் தலைவலி இல்லை. ஆகவே விசிலை வாயில் கவ்விக்கொண்டு காத்திருந்தார். விசில் வராததால் ஆட்டம் முடியவில்லை என்று நினைத்த பையன்கள் ஒருவன்மேல் ஒருவனாக விழுந்துகொண்டே இருந்தார்கள். பார்வையாளர் மேடையின் உச்சியில் கண்ணாடி அறைக்குள் இருந்த உள்ளூர் ரேடியோக்காரன் ரஸ் கூட எழுந்து நின்று, வாயைத் திறந்தபடி மெர்லையே பார்த்தான். முதல் வரிசையும் ஒன்றும் சொல்லவில்லை.

குவியலுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், மூச்சு முட்டுது. ஊதுங்க சார்."

மெர்ல் ஊதினார். இரண்டு பக்கத்துக் கூட்டமும், அன்று முதல் தடவையாக ஒற்றுமையாக, அவரைத் திட்டியது.

"ஊதறதுக்கும் காஸ் தீந்துபோச்சா?" என்று இர்மா கேட்டாள்.

"மெர்ல், உனக்கு உடம்பு சரியில்லைன்னா சொல்லிடு," என்றார் டெல்பர்ட். அவர் முகம் வெளுத்திருந்தது. "நான் வேணா பாத்துக்கறேன்."

"இன்னும் கொஞ்ச நேரம்தான். அவர் சந்தோஷமாத்தான் இருக்கார்."

"அவர் ஒருத்தர்தான் இருக்கார்."

ஆட்டத்தின் கடைசி முயற்சி வந்தது. கார்வின் கொஞ்சம் முன்னிலையில் இருந்தது. பெட்டிஸுக்கு இது ஒரே வாய்ப்பு. எல்லைக்குள் பந்தைப் பிடித்துவிட்டால் அவர்கள் ஜெயித்தார்கள். இல்லையென்றால் மூட்டை கட்டவேண்டியதுதான். பந்து விளக்குகளுக்கு மேலே போய் இறங்கியது. ஒல்லியான பையன் ஒருவன் ஓரக்கோட்டருகே எம்பிப் பிடித்தான். கால் ஊன்றினான். விழுந்தான்.

மெர்ல் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தார். அந்தக் கால் கோட்டுக்கு உள்ளே ஊன்றியதை அவர் பார்த்தார். பெயர்ந்த புல் அவர் ஷூ மேலேயே தெறித்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனாலும் கை எழவில்லை. காது முதல் வரிசைப் பக்கம் போய்விட்டது.



"வெளியே," என்றது அந்தக் குரல், நிதானமாக. "கால் ஒரு அடி வெளியே. முடிஞ்சது ஆட்டம்."

மாநில இறுதிப் போட்டியின் பெரிய மைதானம் கண்ணுக்கு முன்னால் வந்தது. நோரீனின் அக்கா வந்தாள். ஷூவைக் குனிந்து பார்த்தார். புல் இன்னும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. விழுந்த பையன் பந்தைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு அவரை அண்ணாந்து பார்த்தான்.

"சார், உள்ளதானே?"

போனால் போகட்டும் என்று மெர்ல் நினைத்தார். வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, இரண்டும் தன்மீதுதான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார். பெட்டிஸ் ஜெயித்தது.

பிறகு கார்வின் கூட்டம் செய்ததை விவரிக்க வேண்டியதில்லை. சோளப்பொரி பறந்தது, காலிக் கோப்பைகள் பறந்தன. இர்மா தன் நாயை மட்டுமல்ல, பக்கத்து வீட்டு நாயையும் அவிழ்த்துவிடப் போவதாக அறிவித்தாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் மெர்லின் தோளைப் பிடித்தார்.

"பின்பக்கமா போயிடலாம், வாங்க. உங்க வண்டியை அங்க கொண்டுவரச் சொல்றேன்."

"ஒரு நிமிஷம். ஒருத்தர்கிட்ட பேசணும்."

"இப்பவா? இந்தக் கூட்டத்துலயா?"

மெர்ல் நேராக முதல் வரிசைக்குப் போய், வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, நான்தான் மெர்ல் டாப்சன்."

பெரியவர் முகத்தைத் திருப்பினார். பார்வை மெர்லுக்குச் சற்றுப் பக்கத்தில் போய் நின்றது. முகம் கொடுக்கக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

"கடைசியில நீங்க வெளியேன்னு சொன்னீங்க. இல்லங்க, உள்ளதான். என் கண்ணால பாத்தேன். அதுக்கு முன்னாடியும் சரியாத்தான் பாத்தேன், உங்க பேச்சைக் கேட்டு எல்லாத்தையும் மாத்திட்டேன். அது என் தப்புதான். இறுதிப் போட்டிக்கு வேற ஆளைப் போட்டுக்குங்க. வருத்தம் இருக்கு, ஆனா புகார் இல்லை."

"எந்தப் போட்டி?" என்றார் பெரியவர். குழப்பத்தோடு காதிலிருந்து வயரை எடுத்தார். அதிலிருந்து யாரோ தேம்பித் தேம்பி அழுகிற சத்தம் கரகரவென்று வந்தது. "யாரும்மா இது? என்ன சொல்றார்?"

பக்கத்து அம்மாள் போர்வையை நிதானமாக மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"சங்கத்துலேருந்து உங்களைப் பாக்க வந்தது நான்தான், மிஸ்டர் டாப்சன். இவர் எங்க அண்ணன். ரேடியோவுல ரஸ் சொல்றதைத்தான் இவர் திருப்பிச் சொல்லுவார். ரஸ்ஸோட பையன் கார்வின் டீம்ல ஆடறான்." அவள் அண்ணனின் கையைத் தன் தோள்மேல் எடுத்து வைத்துக்கொண்டாள். "நீங்க கடைசியில கையைத் தூக்கற வரைக்கும், இந்த மைதானத்துல கண்ணு தெரியாதவங்க ரெண்டு பேருன்னுதான் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."