கழட்டி அண்ணனின் இடது கதவு

கழட்டி அண்ணனின் ஜீப்பைப் பிடுங்க வைத்த மொட்டைக் கடிதத்தை எழுதியவன் நான்தான்.

மலேசியாவின் பேராக் முழுக்கத் தேடினாலும் இரும்பை அவ்வளவு வெறுத்த மெக்கானிக் கிடைக்கமாட்டார். எழுபதுகளின் கடைசியில் சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி, அவர் டிராக்டர் மெக்கானிக். ராணுவம் ஏலம் விட்ட ஜீப் ஒன்றை வாங்கி வந்தார். அன்றே கதவுகளைக் கழட்டினார். மறுநாள் கூரை. அதற்கடுத்த நாள் முன்கண்ணாடி.

“எதுக்குண்ணே?” என்றேன்.

“சண்டைக்காலத்து ஜீப்பு சின்னது கிராணி. சண்டை முடிஞ்சதும் வெள்ளைக்காரன் அதையும் இதையும் ஏத்திக் குண்டாக்கிட்டான். ஹெலிகாப்டரால தூக்க முடியல. அப்புறம்தான் எல்லாத்தையும் கழட்டுற மாதிரி இதைச் செஞ்சான். கழட்டினா பறக்கும்லா!”

“இங்க எந்த ஹெலிகாப்டர் தூக்க வருது?”

“வந்தா ரெடியா இருக்க வேணாமா?”

தோட்டமே சிரித்தது. ஆனால் மழையில் செம்மண் பாதை கரைந்து லாரி சிக்கும்போது, நோயாளிகளைப் பெரிய ரோட்டுக்குச் சேர்த்தது அந்த எலும்புக்கூடுதான்.

ஒருநாள் வெள்ளைச் சட்டையோடு நானும் ஏறினேன். வளைவில் ஜீப் திரும்பியது. நான் திரும்பவில்லை. கதவில்லாத இடப்பக்கமாக நேரே போய்ச் சேற்றில் உட்கார்ந்தேன்.

“ஐயோ, கிராணியும் கழண்டுட்டாரு!” என்றாள் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த ஒருத்தி.

அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. ஓட்டத் தகுதியற்ற வண்டி என்று போக்குவரத்து இலாகாவுக்குப் பெயரில்லாமல் கடிதம் டைப் அடித்து அனுப்பினேன். அதிகாரிகள் வந்து ஜீப்பை இழுத்துப் போனார்கள். ஞாயிறுதோறும் அண்ணன் பஸ் ஏறிப் போய், இலாகா வேலிக்கு வெளியே நின்று அது துருப்பிடிப்பதைப் பார்த்துவிட்டு வருவார். அந்த மழைக்காலத்தில் நோயாளிகளைத் தூளி கட்டிச் சுமந்தோம். நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

கடைசியில் தாங்க முடியாமல், நான் எழுதியது பொய் என்று கையெழுத்திட்டு அதிகாரியிடம் கொடுத்தேன். ஜீப்பை அதற்குள் பழைய இரும்புக்கு வெட்டிவிட்டார்கள்.

சில வருடம் கழித்து, சிலிபினில் குடியேறியிருந்த அண்ணனைத் தேடிப் போய், கடிதம் என் வேலைதான் என்று சொன்னேன்.

“தெரியும் கிராணி. ஜீப்பை இழுத்துட்டுப் போன அன்னிக்கே ஆபீசர் அந்த மொட்டைக் காயிதத்தைக் காட்டினாரு. தோட்டத்துல இருந்தது ஒரே டைப்ரைட்டர். அதோட கோணல் எழுத்து எனக்குத் தெரியாதா? ரிப்பேர் பண்ணதே நாந்தானேலா!”

நான் தலை குனிந்தேன்.

“இத்தனை வருசமா இதைத் தூக்கிக்கிட்டா அலைஞ்சீங்க? கழட்டிப் போட வேண்டியதுதானே.”

உள்ளே போய் ஜீப்பின் இடது கதவைத் தூக்கி வந்தார். “வச்சுக்குங்க. அன்னிக்கு இது இருந்திருந்தா நீங்க விழுந்திருக்க மாட்டீங்க.”

அண்ணன் இறந்து வெகுகாலமாயிற்று. கதவு என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. இடத்தை அடைக்கிறது, கழட்டுங்கள் என்கிறாள் மருமகள். எனக்கு மனம் வரவில்லை.