எலும்புச் சந்தேகம்

முதல் மெஷின் சிவராஜின் உடம்புக்கு எழுபத்திரண்டு வயது என்றது. இரண்டாவது மெஷின் நாற்பத்தெட்டு என்றது. அவருக்கு உண்மையில் ஐம்பத்தெட்டு.

சிவராஜ் வங்காளத்துக்குப் பிழைக்க வந்து, லேக் மார்க்கெட்டில் அரிசி, அப்பளம், காப்பித்தூள் விற்கிறவர். அடுத்த கடைக்காரர் சிரித்தால்கூட, எதற்காகச் சிரிக்கிறார் என்று அரை நாள் யோசிப்பார். மருந்துக்கடை வாசலில் இருந்த முதல் மெஷினில் ஏறி நின்றதும், எலும்பில் வலுவே இல்லை என்று கால்சியம் டப்பாவை நீட்டினார்கள். ஜாதவ்பூர் ஜிம்மில் இரண்டாவதில் ஏறியதும், இளமையான உடம்பு என்று சொல்லி உடனே சந்தா கட்டச் சொன்னார்கள்.

"ஒருத்தன் பயமுறுத்தி விக்கிறான், ஒருத்தன் புகழ்ந்து விக்கிறான்" என்றார் மனைவி விஜயலட்சுமியிடம்.

"நியூ டவுன்ல படுக்க வெச்சு எடுக்கிற பெரிய ஸ்கேன் இருக்காம். அதுதான் கரெக்டா சொல்லுமாம். போயிட்டு வந்துருங்க."

"அது மட்டும் ஏமாத்தாதுன்னு என்ன நிச்சயம்?"

முதலில் அந்த மெஷினைச் சோதித்துவிடுவது என்று முடிவு செய்தார். கடையில் மூட்டை தூக்கும் ஏழுமலைக்கு நாற்பது வயது. தேக்குக் கட்டை போல உடம்பு. தனக்குப் பதிலாக அவனை அனுப்பினார்.

"பேரக் கேட்டா சிவராஜ்னு சொல்லு. வேற எதுவும் பேசாத."

"பேர எதுக்கு மொதலாளி மாத்தணும்?"

"காரணமாத்தான் சொல்றேன். போ."

மறுநாள் ரிப்போர்ட் விஜயலட்சுமியின் போனுக்கு வந்துவிட்டது. எலும்பு ரொம்பவும் தேய்ந்திருக்கிறது, விழுந்தால் இடுப்பு முறியும், கனமான எதையும் தூக்கக் கூடாது.

அவள் அழுதுகொண்டே அவரைக் கட்டிலில் கிடத்தினாள். வேளாவேளைக்குக் கேழ்வரகுக் கூழ் கொடுத்தாள். பாத்ரூமுக்குப் போனால்கூட விழுந்துவிடுவாரோ என்று கதவருகே நின்றாள். பொறுத்துப் பார்த்த சிவராஜ் கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"அது என் எலும்பு இல்ல விஜயா. ஏழுமலையோடது."

விஜயலட்சுமியின் அழுகை சட்டென்று நின்றது. "அடப்பாவமே, அவனையா இத்தன நாளா மூட்டை தூக்க விட்டீங்க?"

அன்றே கல்லாவுக்குப் பக்கத்தில் ஏழுமலைக்கு மெத்தை போட்ட நாற்காலி வந்தது. கூழும் அவனுக்கு மாறியது. மூட்டைகள் சிவராஜின் தலைக்கு வந்தன.

மூன்றாவது மூட்டையில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"பாத்து மொதலாளி" என்றான் ஏழுமலை, கூழை உறிஞ்சியபடி.

அவனைப் பார்க்கப் பார்க்க சிவராஜுக்குச் சந்தேகம் முற்றியது. இவ்வளவு நாள் மூட்டையைத் தலையணை போலத் தூக்கியவனுக்கா இந்த எலும்பு? இதுவும் போலி மெஷின்தான், மருந்து விற்கிற தந்திரம்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டே அவனையும் இழுத்துக்கொண்டு நியூ டவுன் போனார்.

ஸ்கேன் சென்டரில் தமக்குத் தெரிந்த வங்காளம் முழுவதையும் செலவழித்துச் சத்தம் போட்டார். காத்திருந்தவர்களில் இரண்டு பேர் மெதுவாக எழுந்து வெளியே போனார்கள். டாக்டரம்மா வந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மெஷின் மேல் சந்தேகம் வேண்டாம் அண்ணா" என்றார் வங்காளத்தில். "இதோ, இப்போதே இலவசமாக இன்னொரு முறை எடுத்துவிடுகிறேன். இரண்டு ரிப்போர்ட்டையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். அவரைப் படுக்கச் சொல்லுங்கள்."

சிவராஜுக்கு வெற்றிக் களை வந்துவிட்டது. "ஏறிப் படு ஏழுமலை. இன்னிக்கு இவங்க சாயம் வெளுத்துரும்."

ஏழுமலை கதவின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் மொதலாளி. பேர மாத்தி அனுப்புறீங்களே, கிட்னிய எடுத்துருவாங்களோன்னு எனக்கு அன்னிக்கே சந்தேகம். நான் உள்ளயே போகல. வாசல்ல டீ விக்கிற எண்பது வயசுப் பெரியவரத்தான் கெஞ்சிக் கூத்தாடிப் படுக்க வெச்சேன்."