கதவு சாத்தியார்

கதவு சாத்தியார் என்றொரு இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், பேருந்தில் தேடுங்கள். மிதிபலகையில் ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு, “அண்ணை, கொஞ்சம் உள்ளுக்குப் போங்கோ, நான் ஒராள்தானே” என்று கெஞ்சி, முழங்கையால் இடித்து, யாருடைய பையையோ மிதித்து, ஒருவழியாக உள்ளே வந்து கம்பியைப் பிடித்ததும், அடுத்த தரிப்பில் நிற்கிற சனத்தைப் பார்த்து, “இடமில்லை, இடமில்லை, எடுங்கோ றைவர்!” என்று எல்லாருக்கும் முதல் கத்துகிறாரே, அவர்தான். உள்ளே வர அவருக்கு ஒரு நிமிடம் தேவைப்பட்டது. உள்ளேயே பிறந்தவராக மாற அரை நிமிடம் போதும்.

இந்த இனம் எங்கும் உண்டு என்றாலும் குளிர்நாடுகளில் நன்றாகக் கொழுக்கும். சந்தேகமானால் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்ட் கடைத்தொகுதிக்குப் போங்கள். கோப்பிக் கடையின் மூலை மேசையில், வாசலைப் பார்த்தபடி ஒருவர் இருப்பார். பெயர் சிவானந்தன். வயது அறுபத்தாறு. முப்பத்தொரு வருடம் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். விடியற்காலை ஐந்து மணிக்கு, கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு வாகனமும் இல்லாத வீதியில், சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை அசையாமல் நிற்பவர். பிறந்தநாள் கேக்கில் மட்டுமல்ல, கேக்கைச் சுற்றி அடுக்கிய வடையிலும் டென்மார்க் கொடி குத்துபவர்.

மற்றவர்கள் புதிய ஆளைக் கண்டால் “சுகமோ?” என்பார்கள். சிவானந்தன் கேட்பது வேறு. “எப்ப வந்தனீர்? என்னண்டு வந்தனீர்? உம்மட விசாக் கார்ட் எப்ப முடியுது?” இந்த மூன்று கேள்விக்கும் பதில் வந்த பிறகுதான் அவர் கை குலுக்குவார். கலியாண வீட்டில் சோற்றுக்கு வரிசையில் நிற்கிறவரைப் பிடித்து, “டென்மார்க்கின்ர அரசியலமைப்பு எந்த வருசம் வந்தது, சொல்லும் பாப்பம்?” என்பார். பாவம், அந்த மனுசன் கத்தரிக்காய்க் குழம்பா பருப்பா என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பான். “ஆயிரத்து எண்ணூற்று நாப்பத்தொன்பது! இதுகூடத் தெரியாமல் இஞ்ச என்ன செய்யிறியள்?” என்று கரண்டியை முதலில் தான் எடுத்துக்கொள்வார்.

அவருடைய கணக்கில் நாடு கெட்டுப்போனது 1987இல். அவர் வந்தது 1986இல். அதே மேசையில் கோப்பி குடிக்கும் மன்னார் லோரன்ஸ் வந்தது 1985இல். ஆகவே லோரன்ஸின் கணக்கில் நாடு கெட்டது 1986இல். இந்த ஒரு வருடக் கருத்து வேறுபாட்டைத் தவிர இருவருக்கும் எல்லாவற்றிலும் ஒற்றுமை.

போன வருடத்திலிருந்து சிவானந்தனுக்கு ஒரு புதிய காதல். அமெரிக்காவில், உள்நாட்டைப் பாதுகாக்கவும் குடிவந்தவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பவும் ஒரு பெரிய திணைக்களம் இருக்கிறதல்லவா, அதன் மேல். அந்தத் திணைக்களத்தைப் பற்றி அங்கே வழக்கு, ஊர்வலம், தொலைக்காட்சியில் வாய்ச்சண்டை. முகமூடி போட்டவர்கள் தெருவில் ஆளைப் பிடிக்கலாமா, கதவை உடைக்கலாமா என்று அந்த நாடே இரண்டாக நின்று கத்துகிறது. அல்பர்ட்ஸ்லுண்டின் மூலை மேசையில் மட்டும் ஏகமனதான ஆதரவு. யாரையோ காரிலிருந்து இழுத்து இறக்கும் வீடியோ ஒன்று கிடைத்தால் போதும், பதினொரு வட்சப் குழுக்களுக்கும் அது போய்விடும். கீழே ஒரு வரி: “இப்பிடித்தான் செய்யவேணும்!!” இரண்டு ஆச்சரியக்குறி. சில நாள் மூன்று.

“அவங்களும் எங்களை மாதிரி ஆக்கள்தானே” என்று ஒருநாள் மனைவி தங்கமலர் சொல்லிப் பார்த்தார்.

“என்ன எங்களை மாதிரி? நாங்கள் முறையா வந்தனாங்கள்.”

முறையா வந்த கதை கேட்கிறீர்களா? கேட்காவிட்டாலும் சொல்வார். நாற்பது வருடமாக, எந்தக் கொண்டாட்டத்திலும் கேக் வெட்டிய பிறகு அந்தக் கதை உண்டு. கிழக்கு ஜேர்மனியிலிருந்து கப்பல். கையில் யாரோ ஒரு மலேசியக்காரரின் பாஸ்போட். அதில் சிவானந்தனின் படம். கரை தெரிந்ததும் கழிவறைக்குள் போய்ப் பாஸ்போட்டைக் கிழித்துத் தண்ணீரில் விட்டார். படம் ஒட்டிய பக்கம் மட்டும் போக மாட்டேன் என்றது. “மூண்டு தரம் தண்ணி இழுத்தன், மூண்டு தரமும் என்ர முகம் மேல வந்து என்னையே பாக்குது. பிறகென்ன? எடுத்துத் திண்டனான்!” சபை சிரிக்கும். சிவானந்தனும் சிரிப்பார். சிரித்து முடித்த அதே வாயால், “இப்ப வாறவங்கள் எல்லாம் கள்ளப் பேப்பர்” என்பார். யாருக்கும் ஒன்றும் இடிக்காது.

போன இலையுதிர் காலத்தில் தமிழ்ச் சங்கத்தின் நாற்பதாண்டு விழா வந்தது. ‘வந்த கதை’ என்று மூத்தவர்களின் பேச்சைப் பதிவு செய்து இணையத்தில் போட்டார்கள். பதிவு செய்தவர் துஷாந்தன். நாற்பது வயது, ஹ்விடோவ்ரேயில் குடியிருப்பு, வைத்தியசாலை ஒன்றின் சமையலறையில் வேலை. இரண்டு வருடத்துக்கொரு தடவை புதுப்பிக்கும் கார்ட். மனைவி இன்னும் வவுனியாவில். கார்ட் நிலைக்காமல் அவரைக் கூப்பிட வழியில்லை. இதெல்லாம் தெரிந்திருந்தும், அன்றைக்கு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் சிவானந்தன் சொன்னார்: “கார்ட் முடிஞ்சால் போகவேணும். அதுதானே சட்டம். நான் உமக்குச் சொல்லேல்லை துஷாந்தன், பொதுவாச் சொல்லுறன்.” துஷாந்தன் கமராவைச் சரி செய்துகொண்டு, “சொல்லுங்கோ அண்ணை, தொடங்கலாம்” என்றார்.

அன்று சிவானந்தன் வழக்கமாகச் சொல்லாத ஒரு துண்டையும் சொன்னார். ஏன் சொன்னாரோ, கமராவின் சிவப்பு வெளிச்சம் அப்படி. கரையில் இறங்கியபோது தை மாதக் குளிர், போட்டிருந்தது ஒரு மெல்லிய மேற்சட்டை. வயதான பொலிஸ்காரர் ஒருவர் ஏதோ கேட்டார். விளங்கவில்லை. அவர் திரும்பவும் கேட்கவில்லை. தன் தோல் கையுறைகளைக் கழற்றி இவருடைய கையில் போட்டுவிட்டுக் கோப்பி எடுக்கப் போனார். அந்த இடத்தில் சிவானந்தனின் குரல் உடைந்தது. அந்தக் கையுறைகள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. வேறு யாரும் தொடக்கூடாது.

வீடியோவை நாலாயிரம் பேர் பார்த்தார்கள். பதினொரு குழுக்களுக்கும் அவரே அனுப்பினார்.

இனித்தான் வினை. சிவானந்தனின் ஒரே மகள் மேனுஜா, கணவன் சுபாங்கனின் வேலைக்காகச் சிக்காகோவில் இருக்கிறாள். பங்குனியில் முதல் பிள்ளை. “அம்மாவும் நீங்களும் கட்டாயம் வரவேணும்” என்று தொலைபேசியில் சொன்னாள். கூடவே, “நான் பால் வாங்கப் போகேக்கயும் பாஸ்போட்டைக் கொண்டுதான் போறன்” என்றாள்.

“நீ சட்டப்படி இருக்கிறாய்தானே பிள்ளை? உனக்கேன் பயம்?”

“அல்சோ, அப்பா!” என்று டெனிஷில் சலித்துக்கொண்டாள் மகள். “என்ர நெத்தியில டென்மார்க் எண்டு எழுதியிருக்கோ?”

சிவானந்தன் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு, “அது... ஆக்களைப் பாத்துத்தான் பிடிப்பினம்” என்றார். எதைப் பார்த்து என்று மகள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்று மாலை அமெரிக்கப் பயண விண்ணப்பத்தை நிரப்பக் கணினியின் முன் உட்கார்ந்தார். இனி யூரியூப், முகநூல் எல்லாம் கிண்டிப் பார்க்கப் போகிறார்களாம் என்று ஒரு செய்தி உலாவிக்கொண்டிருந்தது. உண்மையோ பொய்யோ, அதைப் போன கிழமை பதினொரு குழுக்களுக்கும் அனுப்பியவர் சாட்சாத் சிவானந்தன்தான். கீழே எழுதியதும் நினைவில் இருந்தது: “சரியான வேலை!!!”

சுட்டியை விட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

“தங்கம், அந்த வீடியோ...”

“எது? பாஸ்போட்டைத் திண்டதோ?”

“அது நான் பகிடிக்குச் சொன்னது.”

“நாப்பது வருசமாவோ?”

அவர் விண்ணப்பத்தை மூடினார். பேரப்பிள்ளையின் முகத்துக்கும் தனக்கும் நடுவில் இப்போது ஒன்றே ஒன்று நின்றது: நாலாயிரம் பேர் பார்த்த, தன் சொந்த வாய். மற்ற வீடியோக்கள், அந்த இழுத்து இறக்குகிறவை? “அதை அழிக்கத் தேவையில்லை. அதைக் கண்டால் அவங்கள் சந்தோசப்படுவாங்கள்” என்றார். தங்கமலர் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார்.

அடுத்தநாள் பனி தூறிக்கொண்டிருந்தது. சிவானந்தன் அந்தப் பழைய கையுறைகளைப் போட்டுக்கொண்டு, பேருந்து மாறி ஹ்விடோவ்ரேக்குப் போய், மூன்றாம் மாடியில் துஷாந்தனின் மணியை அடித்தார். கதவு திறக்க நேரமெடுத்தது. சாத்திய கதவின் வெளிப்பக்கம் எப்படி இருக்கும் என்பதை அவர் மறந்து கனகாலம். பார்க்க ஒன்றுமில்லை, ஒரு பெயர்ப்பலகை, ஒரு கால்மிதி.

“ஐயோ அண்ணை! ஏன் வெளியில நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ.”

தேநீர் வந்தது. கவனித்தீர்களா, மரியாதை எவ்வளவு விரைவாகக் கூடியது என்று? மண்டபத்தில் ‘நீர்’ ஆக இருந்த துஷாந்தன், தேநீர் ஆறுவதற்குள் ‘நீங்கள்’ ஆகிவிட்டார்.

“தம்பி, உங்களாலதான் ஒரு உதவி. என்ர அந்த வந்த கதையை எடுத்துவிடுங்கோ. அமெரிக்காவுக்குப் போறம். மேனுஜாக்குப் பிள்ளை...”

துஷாந்தன் காரணத்தை விசாரிக்கவில்லை, குத்திக் காட்டவில்லை. நீங்களும் நானும் என்றால் என்ன சொல்லியிருப்போம்? ‘அதுதானே சட்டம்’ என்றாவது ஒரு வார்த்தை விட்டிருப்போம். அவர் மடிக்கணினியைத் திறந்தார். அழிக்கும் பொத்தான்வரை போய் நின்றார்.

“மெய்யாவே எடுக்கவோ அண்ணை? அந்தக் கையுறைக் கதை இதிலதான் இருக்கு. போன மாசம் கார்ட் புதுப்பிக்க நேர்காணலுக்குக் கூப்பிட்டவை. விடிய எழும்பி அதைத்தான் ரெண்டு தரம் பாத்திட்டுப் போனனான். அப்பிடியும் ஒரு ஆள் இந்த நாட்டில இருந்தவர் எண்டு நினைச்சுக்கொண்டு.”

சிவானந்தன் கையுறைகளைப் பார்த்தார். அவை மடியில் கிடந்தன. அந்த நிமிடத்தில் அவர் என்னவாகவும் ஆகியிருக்கலாம். நான்கூட நம்பிக்கையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எடுங்கோ” என்றார்.

ஒரு சொடுக்கு. நாற்பது வருடக் கதை போய்விட்டது. பாஸ்போட் மூன்று தரம் மேலே வந்தது. இது ஒரு தரமும் வரவில்லை.

வாசலில் சப்பாத்தைக் கட்டும்போது, “உங்கட கார்ட்...” என்று பழக்க தோஷத்தில் தொடங்கிவிட்டார். துஷாந்தன் நிமிர்ந்து பார்த்தார். “உங்கட கார்ட் கிடைக்கும் தம்பி. கவலைப்படாதேங்கோ” என்று முடித்தார். அவர் வாயிலிருந்து அப்படியொரு வசனம் வந்தது அதுவே முதல் தரம். அது உண்மையாகவே வந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் திரும்பிப் போகும் பேருந்தில் இடம் பிடித்து உட்கார்ந்ததும், நாலு பிள்ளைகளோடு ஏறிய ஒரு குடும்பத்தைப் பார்த்து, “எல்லாம் கொம்யூன் குடுக்கிற உதவிக் காசு” என்று முணுமுணுத்தார்.

அடுத்த கொண்டாட்டத்தில் கேக் வெட்டிய பிறகு சனம் வழக்கம்போலக் காத்திருந்தது. “சொல்லுங்கோ சிவா அண்ணை, பாஸ்போட் கதை!” சிவானந்தன் வாயைத் துடைத்துக்கொண்டார். “என்ன பாஸ்போட்? நான் பிளேனில வந்தனான்” என்றார். லோரன்ஸின் கையிலிருந்த வடை, கொடியோடு, பாதி வழியில் நின்றது.

விண்ணப்பம் ஒரு சிக்கலுமில்லாமல் சரிவந்தது. அந்த வீடியோவைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பங்குனியில் சிக்காகோ விமான நிலையம். ஒன்றரை மணி நேர வரிசை. சிவானந்தன் பாஸ்போட்டைத் திறந்து தன் படத்தை நாலாம் தரமும் சரிபார்த்ததைத் தங்கமலர் பார்த்தார். தன் கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி பாஸ்போட்டைப் புரட்டினார், படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். “எதற்கு வந்தீர்கள்?” “பேபி” என்றார் சிவானந்தன். நாற்பது வருடத்துக்கு முன் கரையில் ஒரு சொல்லும் வரவில்லை, இப்போது ஒரே ஒரு சொல் வந்தது. அதிகாரி முத்திரை குத்தினார்.

கடந்து உள்ளே போய் நாலு அடி வைத்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. திரும்பிப் பார்த்தார். தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள், பெட்டிகள், சேலை, தொப்பி, நீண்டு வளைந்து கிடந்த வரிசை.

“பாத்தீரே தங்கம்? இவ்வளவு சனத்தையும் ஏன் உள்ளுக்கு விடுறாங்கள்?”

தங்கமலர் கைப்பையைத் திறந்தார். பழைய தோல் கையுறைகளை எடுத்து அவர் நெஞ்சோடு வைத்து அழுத்தினார்.

“போடுங்கோ. வெளியில குளிர்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதை வாசிக்கும்போதே, ‘அட, இது இன்னாரேதான், அவருக்கு அனுப்பவேண்டும்’ என்று உங்களுக்கு ஒரு பெயர் தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். சிவானந்தனும் இதை வாசித்தார். வயிறு நோகச் சிரித்துவிட்டு, ‘இது லோரன்ஸ் அண்ணைதான்!!’ என்று பதினொரு குழுக்களுக்கும் அனுப்பினார்.

அது கிடக்கட்டும். உங்களுக்கு இதை அனுப்பியவர் யார்?