லட்சம் மார்க்குக்குக் குறையாத மனிதன்

ஜேர்மனியில் வாழும் தமிழர்களில் தன்னுடைய விலை என்னவென்று சரியாகத் தெரிந்த ஒரே ஆள் 'லட்சம்'தான். மற்ற நாங்கள் எல்லோரும் குத்துமதிப்பாகத்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

அவனுக்குத் தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. மாதாமாதம் சம்பளச் சீட்டில் அந்தப் பெயரை அடித்தவளே நான்தான். ஆனாலும் 'லட்சம்' என்று சொன்னால்தான் எனக்கே ஆள் ஞாபகத்துக்கு வருவான்.

யூரோ வருவதற்கு முந்திய காலம். பிராங்பேர்ட்டில் ஒரு சின்ன மென்பொருள் கொம்பனியில் நான் சம்பளப் பகுதியில் இருந்தேன். பகுதி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நான், ஒரு மேசை, வாடாத ஒரு பிளாஸ்டிக் பூச்செடி. ஜேர்மனிக்குக் கொம்பியூட்டர்காரர் போதவில்லை என்று அரசாங்கம் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கத் தொடங்கியிருந்தது. வருகிறவருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வருடத்துக்கு ஒரு லட்சம் மார்க்காவது அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பட்டம் இல்லாதவனுக்கு இவ்வளவு கொட்டிக் கொடுக்க ஒரு முதலாளி தயாரென்றால், அவன் மகா கெட்டிக்காரனாகத்தான் இருப்பான் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

எங்கள் முதலாளி இந்த இரண்டாவது பாதியை வாசிக்கவில்லை. கோயம்புத்தூரில் இருந்த ஒருவனிடம் எழுபதாயிரம் என்று பேசி முடித்து, கடிதமும் அனுப்பிவிட்டார். "இவருக்குப் பட்டம் இல்லை, ஆகவே லட்சம்" என்று வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. முதலாளி அதைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு ஓடிவந்தார்.

"படித்திருந்தால் எழுபதாயிரம். படிக்காததால் லட்சமா?"

"சட்டம் அப்படித்தான்" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் குறையப் படித்திருந்தால் நான் கொம்பனியையே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்" என்று முணுமுணுத்தபடி கையெழுத்துப் போட்டார். வேலை தலைக்குமேல் கிடந்தது. ஆள் இல்லாமல் முடியாது.

ஆள் வந்து இறங்கினான். மெலிந்த உருவம், அளவுக்கு மிஞ்சிய கோட்டு, முகமெல்லாம் சிரிப்பு. நான் தமிழில் வணக்கம் சொன்னதும் கோட்டுப் பையிலிருந்து முறுக்கை எடுத்து நீட்டினான்.

"டிகிரி இல்லைன்னு தப்பா நினைச்சுக்காதீங்க மேடம். எல்லா பேப்பரும் கிளியர். மேத்ஸ் ஒண்ணுதான் நிக்குது."

"அதையும் எழுதி முடிச்சிருக்கலாமே தம்பி?"

"முன்னாடி எழுதினா பாஸாகல. இப்ப பாஸானா முப்பதாயிரம் மார்க் நஷ்டம் மேடம்!"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் பதினாறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவள். அந்த நேரம் எங்களுக்கு வேலை செய்யவே அனுமதி இல்லை. எங்கள் ஆட்கள் ஒளித்து ஒளித்துக் கோப்பை கழுவினார்கள். எங்களுக்கு வேலை செய்தால் குற்றம். இவனுக்குக் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்தால் குற்றம். ஒரே நாடுதான், ஒரே விமான நிலையம்தான்.

என்னைவிடக் கொதித்தவர் எங்களோடு வேலை செய்த டொக்டர். பல்கேரியாவிலிருந்து வந்தவர், கணிதத்தில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர், சம்பளம் எழுபதுக்குச் சற்று மேலே. ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டார்: "என்னுடைய பட்டத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிட ஏதும் வழி இருக்கிறதா?"

முதல் மாதச் சம்பளம் போட்ட மறுநாள் எனக்கு வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசிய அம்மா பாவம், குழம்பிப்போயிருந்தார். "உங்கள் ஆள் ஒருவர் இங்கே வந்து நிற்கிறார். தான் சட்டத்தை மீறிவிட்டாராம். நடவடிக்கை எடுக்கச் சொல்கிறார்."

நான் எஸ்-பான் ரயிலைப் பிடித்து ஓடினேன். லட்சம் சுவரோரத்து மர வாங்கில் அமர்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பெட்டி. பிடித்து மறியலில் அடைத்தால் மாற்றுடுப்பு வேண்டுமே என்று கட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

"என்ன தம்பி, உமக்கென்ன விசரோ? ஏன் இஞ்ச வந்தனீர்?"

"பாதியக் காணோம் மேடம்! கைக்கு வந்தது பாதிதான். இப்படியே போனா வருஷத்துக்கு அம்பதாயிரத்த தாண்டாது. அவங்களா வந்து புடிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டா தண்டனை கம்மியா இருக்கும்ல?"

அவனுடைய ஊரில் சம்பளம் என்றால் கைக்கு வருவது. ஜேர்மனியில் சம்பளம் என்றால் கண்ணுக்குத் தெரிவது. சீட்டில் மேலே இருப்பது சட்டத்துக்கு, கீழே மிஞ்சுவது உமக்கு என்று அந்த வாங்கிலேயே இருந்து விளக்கினேன். வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்புறுதி என்று சீட்டை இறங்கி வாசித்துக்கொண்டு போனவள் திடுக்கிட்டேன். தேவாலயத்தைச் சேர்ந்தவர்களிடம் அரசாங்கமே பிடிக்கும் தேவாலய வரியும் வெட்டியிருந்தது.

"நீர் கத்தோலிக்கரோ?"

"இல்லையே. பதிவு பண்ற ஆபீஸ்ல மதம் என்னன்னு கேட்டாங்க. வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்குப் போவேன்னு சொன்னேன்."

"அதை மாத்தலாம் தம்பி."

"வேணாம் மேடம், மாதாவுக்குத்தானே போகுது. மத்தது குறைய வழி இல்லையா?"

"கலியாணம் கட்டினால் வரி குறையும்" என்று பகிடிக்குச் சொன்னேன். அவன் பகிடி விளங்கும் ஆளில்லை. லீவு போட்டு ஊருக்குப் போனான், மனைவி கவிதாவோடு திரும்பி வந்தான். கவிதாவின் தகப்பன் வங்கி அதிகாரி. டிகிரி முடிக்காதவனுக்குப் பெண் இல்லையென்று வருடக்கணக்காகக் காலை ஊன்றி நின்ற மனிதர். "டிகிரி இருக்கறவங்களுக்கு இதைவிடக் கம்மியாத்தான் குடுக்கணும் மாமா, ஜெர்மன்காரன் சட்டமே அப்படித்தான்" என்று இவன் சொல்ல, அவர் அசந்துபோய்ச் சம்மதித்தாராம்.

ஹம் நகரத்தில் என் மச்சாளின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஆட்களிடையே சம்பளத்தைக் கேட்பதும் மரியாதை, சொல்லாமல் மழுப்புவதும் மரியாதை. சோற்றுக் கோப்பையோடு வந்த ஒரு அண்ணை வழமைபோலத் தொடங்கினார்.

"தம்பி எவ்வளவு எடுக்கிறியள்?"

"வருஷத்துக்கு ஒரு லட்சம் மார்க், அண்ணா. அதுக்குக் கீழ வாங்கினா என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

அந்த மண்டபத்தில் ஒரு மனிதன் உண்மையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அண்ணை கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான் லட்சம்.

அடுத்த வருடம் கொம்பியூட்டர் உலகத்தில் காற்று இறங்கியது. இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் கழன்றுகொண்டார்கள். முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, எல்லோரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் ஒருவரையும் நிறுத்தாமல் சமாளிக்கலாம் என்றார். முதலில் கையைத் தூக்கியவன் லட்சம்.

"அவருக்குக் குறைக்க ஏலாது" என்று நான் முதலாளியின் காதில் சொன்னேன். "குறைத்தால் அனுமதி போய்விடும்."

முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்தார். முழுச் சம்பளம் கொடுக்க வசதி இல்லை, குறைத்துக் கொடுக்கச் சட்டம் இல்லை. ஒருவருக்கு மட்டும் குறையாமல் கொடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அந்தக் கிழமையே லட்சத்துக்கு வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் போனது. கவிதாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். கடிதத்தில் கொடுத்த தவணை முடியும் நேரமும் பிள்ளை பிறக்கும் நேரமும் ஒன்றாக வந்து நின்றன. வேலை போனால் இங்கே இருக்க ஏலாது, நிறைமாத வயிற்றோடு விமானத்தில் ஏறவும் ஏலாது.

அவன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். மேடம் போய் அக்கா வந்திருந்தது.

"அக்கா, எனக்குக் கம்மியாக் குடுங்கன்னு நானே கெஞ்சறேன். கம்மியா வாங்கறதுக்குக்கூட எனக்குத் தகுதி இல்லையா?"

"தகுதி வேணுமெண்டால் அந்தக் கணக்குப் பாடத்தைப் பாஸ் பண்ணும்" என்றேன்.

சம்பளத்தைக் குறைப்பதற்காகப் பரீட்சைக்குப் படித்த மனிதனை உலகம் அன்றைக்குத்தான் கண்டிருக்கும். மத்தியானத்தில் கோப்பி குடிக்கும் அறையில் கணக்குக் கொப்பியை விரித்துக்கொண்டு அமருவான். மூன்றாம் நாள் டொக்டர் எட்டிப் பார்த்தார். ஒரு வரியைப் பார்த்ததும் அவருடைய முகம் கோணியது. "இப்படிச் செய்தால் நீ ஏழு பிறவிக்கும் லட்சம்தான் வாங்குவாய்" என்று பென்சிலைப் பறித்தார். அதன்பிறகு அவர் அவனை விடவில்லை. விடுமுறை நாளிலும் வீடு தேடிப்போய்ப் படிப்பித்தார். கவிதா வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, "இவன் போனால் நான் யாரைப் பார்த்து வயிறெரிவது?" என்றாராம்.

முதலாளி தன் செலவில் விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தார். பாஸானால் குறைந்த சம்பளத்தில் புது ஒப்பந்தம் தருவதாகவும் சொல்லியிருந்தார். லட்சம் ஊருக்குப் போய் எழுதிவிட்டு வந்தான். பிறகு பெறுபேறுக்காகக் காத்திருந்தோம். நானும் ஒவ்வொரு நாளும் மாதாவை மன்றாடினேன். அவருக்குத்தான் இவன் மாதாமாதம் கட்டிவிட்டானே, வேறு வழியில்லை அவருக்கு.

ஒரு காலையில் கோயம்புத்தூரிலிருந்து நண்பன் தொலைபேசி எடுத்தான். கோப்பி அறையில் முதலாளி, டொக்டர், நான். லட்சம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு சுவரோடு சாய்ந்து, "பாஸ்" என்றான். டொக்டர் அவனைத் தூக்கிச் சுற்றினார். மயிரிழையில்தான் பாஸ் என்று பிறகு தெரியவந்தபோது மட்டும், "என்னிடம் படித்துமா?" என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

பட்டச் சான்றிதழ் வந்தது, அலுவலகம் அனுமதி கொடுத்தது, புது ஒப்பந்தத்தை நான் அடித்தேன். எழுபதாயிரத்திலும் ஐந்தில் ஒன்று குறைத்த தொகை. முதலாளிக்கு வெட்கம். தலையைக் குனிந்துகொண்டு அதை அவன் பக்கம் தள்ளினார். லட்சம் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டான்.

"ஒரு தடவை வாசித்துப் பார்க்கக்கூடாதா?" என்று கேட்டார் முதலாளி.

அவன் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டான்: "இனிமே எவ்வளவு குடுத்தாலும் நாங்க இங்க இருக்கலாம்ல அக்கா?"

"ஓம் தம்பி. இருக்கலாம்."

"அப்ப அதுல படிக்க என்ன இருக்கு?"

அவன் சொன்னதை முதலாளிக்கு மொழிபெயர்க்கப் போய், பாதியில் விட்டுவிட்டு ஒப்பந்தத்தை எடுத்துக் கோப்பில் வைத்தேன்.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. கவிதாவின் தாய்க்கு விசா கிடைக்கவில்லை. தாதி துணியில் சுற்றிக் கொண்டுவந்து, குடும்பத்தில் வேறு யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். லட்சம் என்னைத்தான் கை காட்டினான். நானும் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.