பன்னிரண்டாவது ஆல்பத்தின் முதுகு

எங்கள் வீட்டில் தலைகள் எட்டாயிரத்துச் சொச்சம். எல்லாம் தபால்தலைகள். குடும்பத் தலை ஒன்றுதான். அது நானில்லை.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். ஊரில் பாதிப் பேருக்கு எதிரே வருவது யாரென்று தெரிவதே என் கைவேலையால்தான். என் வீட்டில் மட்டும் நானே எதிரே வந்தாலும் தெரியாது. மனைவி ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் முப்பது வருஷம் உட்கார்ந்து, போன வருஷம் ஓய்வு பெற்றவள். மகள் கல்யாணமாகி, விமானத்தில் போகிற தூரத்தில் இருக்கிறாள். ஆக, சாயங்காலமானால் மனைவி கூடத்தில். நான் உள்ளறையில், இடுக்கியும் பூதக்கண்ணாடியுமாக. நடுவில் ஒரு சுவர். சுவரில் ஒரு கடிகாரம். வீட்டில் பேசுவது அது ஒன்றுதான்.

இத்தனை வருஷத்தில் என் ஆல்பங்களைக் காட்டி, "இதுல என்ன இருக்கு?" என்று அவள் கேட்டதேயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாதி முகச்சவரத்தில் தீர்மானம் போட்டேன். கேட்க வைத்தே தீருவது!

குறை முதுகில்தான் இருந்தது. என் முதுகில் அல்ல, ஆல்பங்களின் முதுகில். பதினொரு ஆல்பம். 'தொகுதி 1', 'தொகுதி 2' என்று ஜெயில் கைதிகள் மாதிரி நம்பர். யாருக்குத் திறக்கத் தோன்றும்? வண்ண அட்டை வாங்கிச் சின்னச் சின்னதாக நறுக்கினேன். அழகான கையெழுத்தில் புதுப் பெயர்கள் எழுதினேன். ராஜாக்கள் ஆல்பத்துக்கு 'தாடியால் ஆண்டவர்கள்'. ராணிகளுக்கு 'சிரித்தால் கிரீடம் விழும்'. தபால் முத்திரை பலமாக விழுந்து முகமே தெரியாமல் போன தலைகளுக்கு 'அடி வாங்கியவர்கள்'. அதில் என் போட்டோவையும் ஒட்டலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் மெல்ல ஆரம்பித்தேன்.

"ஏம்மா, அலமாரியைத் துடைச்சியா?"

"துடைச்சேன்."

"புதுசா ஏதாவது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதே!"

எனக்கு நெஞ்சு துள்ளியது. "என்ன?"

"மேல்தட்டுல கரையான்."

சரி, தூண்டில் போட்டுவிட வேண்டியதுதான். பன்னிரண்டாவதாக ஒரு ஆல்பம் வாங்கினேன். உள்ளே ஒன்றுமில்லை, சுத்தக் காலி. முதுகில் சிவப்பு மையில் எழுதினேன்: 'இதை மட்டும் திறக்க வேண்டாம்'. என் தலையில் பிடுங்குவதற்கு மிச்சமிருந்த முடிகளில் ஒன்றைப் பிடுங்கி, அட்டைகளுக்கு நடுவே குறுக்கே வைத்தேன். திறந்தால் முடி விழும். எப்படி என் மூளை!

மூன்று வாரம். தினமும் வந்து பார்ப்பேன். முடி இருக்கும். மூன்று வாரமாக ஒரு முடியிடம் போய், "யாராவது வந்தாங்களா?" என்று கேட்கிற நிலைமை எந்த ஆம்பளைக்கும் வரக்கூடாது.

கடைசியில் பக்கத்து வீட்டுத் தையல்காரரைப் பிடித்தேன். "நீங்க வந்து, அவ காதுல விழற மாதிரி, அந்தச் சிவப்பு ஆல்பத்துல என்னன்னு கேளுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

வந்தார். என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் பாதி டீயைக் குடித்துவிட்டு, நாடகத்தில் வசனம் மறந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன்.

"சார்! அந்தச் சிவப்பு ஆல்பத்துல என்ன சார்?"

"அதெல்லாம் வெளியில சொல்ல முடியாதுங்க" என்று பெருமூச்சு விட்டேன். "ஏம்மா, உனக்குக்கூடத் தெரியாதில்ல?"

"திறக்க வேண்டாம்னு எழுதியிருக்கே" என்றாள். "எழுதி வச்சதைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு." தையல்காரரிடம் திரும்பி, "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் டீ?" என்றாள்.

அவர் போகும்போது என் தோளைத் தட்டினார். "அளவு சரியில்ல சார். பிரிச்சுத்தான் தைக்கணும்."

அதற்கடுத்த ஞாயிறு காலை, அலமாரி முன்னால் நின்றவன் அப்படியே நின்றேன். பன்னிரண்டாவது ஆல்பத்தின் முதுகில் என் சிவப்பெழுத்தைக் காணோம். வேறொரு அட்டை. வேறொரு கையெழுத்து.

'போய்த் திரும்பியவை'.

போனது எது? திரும்பியது எது? யாருடையது? பல் விளக்கவில்லை, காபி குடிக்கவில்லை. திறந்துவிட்டேன்.

உள்ளே, தபால்தலை ஒட்ட நான் வைத்திருக்கும் ஒட்டுத்தாளையே எடுத்து, வரிசை பிசகாமல், சின்னச் சின்னச் சீட்டுகளை ஒட்டியிருந்தாள். ஒவ்வொன்றின் கீழும் தேதி.

'உப்பு சரியா இருக்கா?'

'மாடியில புறா முட்டை போட்டிருக்கு. சாயங்காலம் வாங்க, காட்டறேன்.'

'குஞ்சு பொரிச்சிடுச்சு. ரெண்டு.'

'ரெண்டும் பறந்துடுச்சு. இனிமே காட்ட ஒண்ணுமில்ல.'

பக்கத்தைத் திருப்பினேன்.

'நேத்து யாரோடயும் பேசல. ராங் நம்பர் ஒண்ணு வந்துச்சு. நாலு நிமிஷம் பேசினோம்.'

'இதைப் படிச்சா ஒரு போன் பண்ணுங்க.'

ஓய்வு பெற்ற வாரத்திலிருந்து, என் சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்கு அடியில் தினம் ஒரு சீட்டு வைத்திருக்கிறாள். கசிந்தால் பை நனையாமலிருக்கப் போட்ட தாள் என்றல்லவா நினைத்தேன்! ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் தபால்தலைப் பட்டியல் என்று உட்காருகிறவன் வேறென்ன நினைப்பான்? சீட்டுகள் பையோடு போய், பையோடு திரும்பியிருக்கின்றன. பிறத்தியார் கண்ணைத் திருத்துகிற என் கண்ணின் லட்சணம் அது.

அவள் பின்னால் வந்து நின்றாள்.

"ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நீங்க சொன்னீங்களா? வா, வந்து பாருன்னு ஒரு வார்த்தை? அதுக்குப் பதிலா முடியைப் பிடுங்கி வச்சீங்க."

"முடி உனக்குத் தெரியுமா!"

"முதல் நாளே விழுந்துடுச்சு. என் தலையிலேருந்து ஒண்ணு எடுத்து வச்சேன். ஒன்றரை அடி நீளம். மூணு வாரமா நீங்கதான் தினம் பார்த்தீங்களே!"

"அப்ப ஆல்பம்..."

"பன்னிரண்டையும் பார்த்தாச்சு. மத்தியானத்துல எனக்கு வேற யாரு இருக்கா? பார்த்தேன், ஒண்ணும் புரியல. சொல்ல ஆள் வேணுமில்ல?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என் உள்ளறைக்கு இரண்டாவது நாற்காலி வந்தது அன்றுதான். ஒரு ஆல்பத்தைத் திறந்தேன். ஓரத்தில் ஒரு நீலத் தலை.

"சொல்லுங்க" என்றாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "இந்த நாடே இப்ப கிடையாதும்மா. இருந்ததே ஒன்பது மாசம்தான். அதுக்குள்ள..."

கூடத்தில் டெலிபோன் மணி அடித்தது. அவள் முகம் மலர்ந்தது. என் பக்கம் அப்படி மலர்ந்து பார்த்துப் பல வருஷமாகிறது.

"அந்த ராங் நம்பர் அம்மாதான்! ஞாயித்துக்கிழமை தவறாம கூப்பிடுவாங்க" என்று எழுந்தாள்.

"ஏம்மா, இந்த நாடு..."

"அதான் இல்லாமலே போயிடுச்சே! இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தா அதுக்கு என்ன குறைஞ்சிடும்?"